ஐந்தாவது புகைத்திரை

எங்கள் வீட்டில் 'நூ' என்று சொன்னால் அடி விழும். டிரெஸ்டனில் பிறந்த பிள்ளை அதைச் சொல்லாமல் எப்படி வளரும்? இந்த ஊரில் ஆமாம் என்பதற்கு அதுதான் வார்த்தை. ரொட்டிக்கடையில், டிராமில், கோயிலில், எங்கே எதைக் கேட்டாலும் 'நூ'. மேற்கேயிருந்து வருகிறவர்கள் இல்லை என்பதற்கு 'நே' என்பார்கள், அதனால் எங்கள் நூ அவர்கள் காதில் இல்லை என்று விழும். அதை வைத்தே அவர்களை ஓட்டி எடுப்போம். என் அம்மா ட்ரௌடெலுக்கு மட்டும் அந்த வார்த்தை ஆகாது. ஒன்றாம் வகுப்பில் படிக்கும்போது, பால் வேண்டுமா என்றாள், நூ என்றேன், பளார் என்று ஒன்று வைத்தாள். அன்றிலிருந்து ரேடியோவில் செய்தி வாசிப்பவள் மாதிரி 'யா, யா' என்றே பேசினேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் 'பெர்லின் சீமாட்டி' என்று பட்டப்பெயர். ஏன் அடித்தாள் என்று கேட்டால், "அது நாகரிகமான பேச்சு இல்லடி" என்பாள். அவள் அண்டைவீட்டுக்காரியைத் திட்டும்போது அந்த நாகரிகம் எங்கே போகும் என்று தெரியாது.

எனக்கு ஐம்பத்துநாலு வயதாகும்போதுதான் காரணம் தெரிந்தது. அதற்கு டுஸ்ஸெல்டார்ஃபிலிருந்து யோஸ்ட் என்று ஒரு ஓவியன் வர வேண்டியிருந்தது.

ஊர் குண்டுவீச்சில் எரிந்து எழுபதாவது வருடம் அது. இருபது வருடத்துக்கு முன்னால் அம்மா பத்திரிகைக்கு எழுதிய ஒரு கடிதத்தை யோஸ்ட் எங்கிருந்தோ தோண்டி எடுத்திருந்தான். அந்த ராத்திரி அவர்கள் வீட்டின் நிலவறையில், மாடியில் வாடகைக்கு இருந்த ஹூபெர்ட் ஓவராத் என்கிற ஓபரா பாடகர் குழந்தைகளுக்குப் பாடிக் காட்டினார். பிறகு பாட்டு நோட்டை விட்டுவிட்டேன் என்று தீக்குள் திரும்பிப் போனார். வரவில்லை. கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். யோஸ்டுக்கு இது போதும். ஐந்து பெரிய வெள்ளைத் திரைகள், ஒவ்வொன்றிலும் எண்ணெய் விளக்கின் கரியைக் கொண்டே ஒரு காட்சி, திரைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர், அதில் ஒரு ஓபரா பாட்டு. எரிகிற ஊரும் பாட்டும் ஒன்றாக நிற்க வேண்டுமாம். ஐந்தாவது திரை ஓவராத்துக்கு.

திரை தைத்தது நான். முப்பது வருடமாக நாடக மேடைகளுக்குத் திரை தைப்பதுதான் என் பிழைப்பு. அம்மாவைப் பார்க்க வந்தவன் என் தையல் மெஷினைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்களே தைச்சுக் குடுத்துருங்களேன்" என்றான். தைத்தேன். அடி விளிம்புக்குள் சங்கிலி கோத்தால்தான் திரை ஆடாமல் நிற்கும் என்று அவனுக்குத் தெரியாது. காற்றில் பறக்க வேண்டும் என்றான். பறந்தால் உன் கரியெல்லாம் வருகிறவர்கள் கோட்டில்தான் இருக்கும் என்றேன். கோத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, பீஷென் வட்டாரத்தில் இருக்கிற பழைய டிராம் கொட்டகைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். திறப்புக்கு இரண்டு நாள் இருந்தது. அவளை ஐந்தாவது திரைக்கு முன்னால் நிறுத்தி ஸ்பீக்கரைப் போட்டான் யோஸ்ட். திரையில் ஒரு ஆள் சுவர் ஓட்டைக்குள் குனிகிறான். கையில் நோட்டு, தாள்கள் தீப்பொறியாகப் பறக்கின்றன. பின்னாலிருந்து ஒரு உச்சக்குரல் ஆண் கதறிக் கதறி விடைபெற்றுக்கொண்டிருந்தான்.

"இது யாரு?" என்றாள் அம்மா.

"ஓவராத் பாடியிருப்பார்ல, அந்த மாதிரி ஒரு தனிப்பாட்டும்மா."

"அவர் கோரஸ்காரர் தம்பி. அதுவும் கீழ்க்குரல். அவருக்கு ஏது தனிப்பாட்டு? எங்களுக்கு அவர் பாடினது பம், பம், பபபம். அவ்வளவுதான். கூட நாப்பது பேர் நின்னு பாடினாத்தான் அது பாட்டு. தனியாப் பாடினா வண்டி கிளம்பாத சத்தம். நாங்க வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

"பம் பம்மை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

"அப்ப எதுக்கு என்னைக் கேட்டே? நீயே ஒரு கதை எழுதிக்கோ."

யோஸ்ட் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல பையன்தான், காதுதான் கொஞ்சம் மந்தம். அவன் ஏதோ பெரிய பரிசு கொடுப்பது போலச் சொன்னான்: "இன்னொரு நல்ல சேதி. அவரோட மகனைக் கண்டுபிடிச்சுட்டேன். எங்கல்பெர்ட் ஓவராத். கொலோன்ல இருக்கார். எழுபத்தெட்டு வயசு. பதிமூணாம் தேதி வர்றார்."

அம்மா பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பாட்டை நிறுத்து" என்றாள். அவன் சத்தத்தைக் குறைத்தான். "நிறுத்துன்னா நிறுத்து!" என்று அலறினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் டிராமில் அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், இன்னொரு சீட்டுக்கு மாறினாள். இறங்க வேண்டியதற்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். பனிச்சேற்றில் விறுவிறு என்று நடந்தாள். மூட்டு வலி என்று நேற்றுவரை என் உயிரை வாங்கியவள்.

"நில்லும்மா! என்ன ஆச்சு உனக்கு? பேய் பிடிச்ச மாதிரி ஓடுறே!"

"வீட்டுக்கு வா, சொல்றேன்."

சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அவர் நோட்டை எடுக்கப் போகலடி. நான் சொன்ன பொய் அது."

"என்னது?"

"அன்னிக்குக் கார்னிவல். எனக்கு ஆறு வயசு. அட்டையில இறக்கை கட்டிப் பட்டாம்பூச்சி வேஷம் போட்டிருந்தேன். நிலவறைச் சுவரை உடைச்சு அடுத்த வீட்டு நிலவறைக்குப் போகணும். ஒவ்வொருத்தரா நுழைஞ்சோம். ஓவராத் அந்தப் பக்கம் நின்னு இழுத்துவிட்டுட்டிருந்தார். என் இறக்கை ஓட்டையில மாட்டிக்கிச்சு. அதைப் பிய்ச்சுப் போட்டுட்டு என்னை இழுத்தார். ஒரே புகை. 'எல்லாரும் வந்தாச்சா? உன் தம்பி வந்துட்டானா?'ன்னு கேட்டார். தம்பி எனக்கு முன்னாலயே வந்தாச்சு, எங்கம்மா இடுப்புல இருக்கான். நான் நூன்னேன்."

அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவர் கொலோன்காரர்டி, மேற்கேயிருந்து வந்தவர். அவர் காதுல அது 'இல்லை'ன்னு விழுந்திருக்கு. என்னை ஒரு பார்வை பார்த்தார். குனிஞ்சு திரும்ப உள்ள போயிட்டார். இல்லாத குழந்தையைத் தேடிப் போனார். கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கம் கூரை இறங்கிருச்சு."

"அம்மா..."

"ஓவராத் எங்கன்னு பெரியவங்க கேட்டாங்க. பயம். நோட்டை எடுக்கப் போறேன்னு சொன்னார்னு சொல்லிட்டேன். அவர் நோட்டும் கையுமாவே இருப்பார்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்க, அதனால நம்பிட்டாங்க. எங்கம்மா அதையே அவர் பொண்டாட்டிக்குக் கடிதமாப் போட்டா. அப்புறம் அந்தப் பொய் தானா நடக்க ஆரம்பிச்சிருச்சு. பத்திரிகையில எழுதும்போதாவது உண்மையைச் சொல்லலாம்னுதான் பேனாவை எடுத்தேன். கை வரலை."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. கோபம். கன்னத்தில் விழுந்த அந்த அறை ஞாபகம் வந்தது. பால் வேண்டும் என்று சொன்ன குழந்தையை அடிக்கிற அளவுக்கு அந்த வார்த்தை அவளுக்குள் கிடந்து எரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இவள்? அதற்குப் பிறகுதான் இரக்கம் வந்தது.

"மகன்கிட்ட சொல்லணும்" என்றாள்.

"வேண்டாம். எழுபத்தெட்டு வயசு மனுஷன். பாட்டுக்காகச் செத்த அப்பான்னு நிம்மதியா இருக்கார். இப்பப் போய் 'எங்க பேச்சு புரியாததால செத்தார்'னு சொல்லுவியா? எந்த மூஞ்சியோட?"

"இதே மூஞ்சியோடதான். வேற மூஞ்சி எங்கிட்ட இல்ல."

"உனக்கு நெஞ்சுவலி வந்து ஒரு வருஷம்கூட ஆகலை."

"சொல்லாமப் போய்ச் சேர்ந்தா மட்டும் நல்லாருக்குமா?"

இரண்டு நாள் வாதாடினோம். அவளுக்குத் தூக்கம் இல்லை, என்னையும் தூங்க விடவில்லை. ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள். ரொட்டியில் வெண்ணெய் தடவுவாள், அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவாள். பன்னிரண்டாம் தேதி நானே கை தூக்கிவிட்டேன். கூட வருகிறேன், ஆனால் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

பதின்மூன்றாம் தேதி மதியம். ஊர் எரிந்த நாள் என்பதால், எல்லாரையும் போல நினைவுக்குக் கோட்டில் வெள்ளை ரோஜா குத்திக்கொண்டு கொட்டகைக்குப் போனோம். மூன்று மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள். எங்கல்பெர்ட் ஓவராத் எங்களுக்கு முன்பே வந்து ஐந்தாவது திரைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, கைத்தடி, காது ஓரமெல்லாம் வெள்ளை முடி. யோஸ்ட் பாட்டைப் போட்டுவிட்டிருந்தான். அந்த உச்சக்குரல்காரன் விடைபெற்றுக்கொண்டே இருந்தான்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார் பெரியவர், திரையைப் பார்த்தபடியே. குரலில் அழகைப் பார்த்த சந்தோஷம் கொஞ்சம்கூட இல்லை.

அம்மாவுக்கு நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. அவர் முன்னால் போய் நின்றாள். பேரைச் சொன்னாள். பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஓட்டை, இறக்கை, புகை, கேள்வி, நூ. "என் வார்த்தைதான் உங்கப்பாவைக் கொன்னுது. நோட்டு கீட்டு எதுவும் கிடையாது. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

யோஸ்ட் கையிலிருந்த காப்பிக் கோப்பை அப்படியே நின்றது. அவன் திரையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

பெரியவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எங்கப்பாவுக்கு நூ புரியாதுன்னு யார் சொன்னா உங்களுக்கு?" என்றார்.

"யார் சொல்லணும்? நானே பார்த்திருக்கேனே. மாடிப்படியில எதிர்ல வந்தா, புதினா மிட்டாய் வேணுமான்னு கேப்பார். நூம்பேன். 'ஓ, வேண்டாமா? சரி'ன்னு தன் வாயிலயே போட்டுக்குவார். எனக்கு அழுகை வரும். அப்புறம்..."

"அப்புறம் இன்னொண்ணு எடுத்துக் குடுப்பார்" என்றார் அவர். "இடது பாக்கெட்லேர்ந்து."

அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"என்கிட்டயும் அதேதான். தினமும். எங்கம்மா பிர்னாக்காரி, இங்க பக்கத்து ஊர்தான். கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷம் எங்க வீட்ல நூ தான். எங்களை 1943லேயே கிராமத்துக்கு அனுப்பிட்டு, வீட்டைக் காலி பண்ணிட்டுத்தான் அவர் உங்க மாடியில ரூம் எடுத்தார். அவருக்கு நூ நல்லாவே புரியும்மா. அது விளையாட்டு."

"விளையாட்டா?"

"விளையாட்டு."

அம்மா இப்போதுதான் உட்கார்ந்தாள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவள் முகத்தில் வந்தது பயம். "அப்ப அவர் எதுக்குத் திரும்பிப் போனார்?" என்று கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

"உள்ள வேற யார் இருந்தா?" என்றேன் நான். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. யார் யார் இருந்தீங்க?"

"நாங்க மூணு பேர். ரெண்டாம் மாடி ஹெனிஷ் வீட்டுக்காரங்க. மருந்துக்கடைப் பொண்ணு. எல்லாரும் வந்துட்டாங்களே. அந்தப் பக்கம் எல்லாரும்தான் நின்னோம்..." நிறுத்தினாள். "ப்யோனிஷ்."

"அது யாரு?"

"வீட்டுக்காரக் கிழவி. அவர் ரூமுக்கு வாடகை வாங்குறவ. நிலக்கரிப் பெட்டி மேல கம்பளியைச் சுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தா. சுவரை உடைச்சப்ப, 'நான் எங்கயும் வரலை, என்னை விடுங்க'ன்னா. எங்க யாருக்கும் அவளைப் பிடிக்காது. எப்பப் பார்த்தாலும் படியில ஓடாதேன்னு கத்துவா." அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. "ஹைட்ரூன், அவ வரலைடி. அந்தப் பக்கம் அவ இல்ல. அவளை யாரும் தேடலை. எழுபது வருஷத்துல நான் ஒரு தடவைகூட அவளை நினைக்கலையே. என்னை மட்டுமே நினைச்சிட்டிருந்திருக்கேன்."

அந்த உச்சக்குரல்காரன் மட்டும் திரைக்குப் பின்னால் இன்னும் செத்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. போய் ஸ்பீக்கர் வயரைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா!" என்றான் யோஸ்ட்.

"வாயை மூடிட்டு நில்லு."

அமைதியானதும் பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"நோட்டை எடுக்கப் போனார்னு சொன்னது நீங்களா?" என்றார்.

"நான்தான்."

"ஒரு பாட்டு நோட்டு நம்மளைவிடப் பெருசாப் போச்சு அந்த மனுஷனுக்குன்னு எங்கம்மா சொல்லுவா. கோபம் வந்தாலும் சொல்லுவா, குடிச்சாலும் சொல்லுவா. வீட்ல அவர் போட்டோ கிடையாது. எல்லாத்தையும் கிழிச்சுட்டா. ரேடியோவுல ஓபரா வந்தா எழுந்து போயிடுவா. சாகும்போது, கல்லறையில என்னை அவர் பேர் பக்கத்துல எழுதாதேன்னு சொல்லிட்டுச் செத்தா. நானும் நம்பினேன். ஒரு காகிதக் கட்டுக்காக என்னை விட்டுட்டுப் போனவர்னு நானும் அவரை வெறுத்தேன். எட்டு வயசிலேர்ந்து! இன்னிக்குக்கூட நான் பார்க்க வந்தது அவரை இல்ல. அந்த நோட்டு எப்படி இருந்திருக்கும்னு பார்க்கத்தான் வந்தேன்."

அதுவரை கொலோன் பாணியில் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தவர், சொல்லச் சொல்ல எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாறிவிட்டார். அவருடைய அம்மாவின் பேச்சாக இருக்க வேண்டும். எழுபது வருடம் கொலோனில் இருந்தும் திட்டுவதற்கு அதுதான் வந்தது. "ஒரு கடிதம் போடக்கூடாதா? வளர்ந்தப்புறமாவது? எங்கம்மா 1991 வரைக்கும் உசிரோட இருந்தா! ரெண்டு வரி! 'அவர் நோட்டுக்காகப் போகலை'ன்னு ரெண்டே வரி! கை முறிஞ்சா போச்சு உங்களுக்கு?" கைத்தடியால் தரையைத் தட்டினார். "யாரோ ஒரு கிழவியைத் தூக்கப் போனவரை நாங்க திட்டிட்டே இருந்தோம். இதை இனிமே எங்கம்மாகிட்ட யார் போய்ச் சொல்றது?"

நான் குறுக்கே போகப் பார்த்தேன். அம்மா கையை நீட்டித் தடுத்தாள். அவள் எழுந்து நின்றுவிட்டாள். அவர் திட்டுவது ஒன்று விடாமல் முகத்தில் விழட்டும் என்பது போல நிமிர்ந்து நின்றாள்.

இதற்குள் மூன்று மணி ஆகிவிட்டது. யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். ரோஜா குத்திய ஜனங்கள் ஐம்பது அறுபது பேர் உள்ளே வந்தார்கள். திரைக்கு முன்னால் ஒரு கிழவர் கத்துகிறார், ஒரு கிழவி நின்று கேட்கிறாள். இதுவும் படைப்பில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தலை குனிந்து, சுற்றி நின்றுவிட்டார்கள். பதின்மூன்றாம் தேதி எங்கள் ஊரில் எந்தக் கச்சேரிக்கும் யாரும் கை தட்டுவதில்லை. முடிந்ததும் பேசாமல் நிற்பார்கள், அதுதான் மரியாதை. அந்த மரியாதையை இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள்.

"இது நாடகம் இல்லைங்க! அந்தப் பக்கம் போங்க!" என்று கத்தினேன். ஒருத்தரும் அசையவில்லை. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் திரையை இழுத்து அவர்கள் தலையில் போட்டிருப்பேன்.

பெரியவருக்கு மூச்சு வாங்கியது. பேச்சு நின்றது. தோள் குலுங்கியது. கூட்டம் அப்படியே நின்றது.

"இன்னும் இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்கு" என்றார் அவர்.

"சொல்லுங்க. நான் எங்கயும் போகலை."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.